கொட்டகையில் இரண்டு பாதி

கரிசல்குளம்,
ஓட்டப்பிடாரம் வழி.
3.7.1977

அன்புள்ள அத்தானுக்கு,

மூன்று வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. ஊசி போட்ட கை வலிக்கிறது போல என்று எண்ணிக்கொண்டேன். எழுத மனமில்லை என்றாலும் சரிதான். ஆனால் இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டும். இது டிராக்டர் விஷயம்.

மார்ச்சில் நீங்கள் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அது கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. கோடை உழவு இல்லாமலே நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. போன வாரம் மேலூர் டிரைவர் மாடக்கண்ணுவைக் கூப்பிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். அரை மணி நேரம் முக்கி முனகித்தான் எழும்பியது. கொட்டகை முழுக்க நீலப் புகை. கிளட்சை விட்டால் என்ஜின் இரைகிறதே தவிர வண்டி நகரவில்லை. அடியில் ஆயில் சொட்டுகிறது.

தூத்துக்குடிக்கு ஆள் அனுப்பி விக்டரை வரவழைத்தேன். முன்பு உங்களோடு லாஞ்சிப் படகுப் பட்டறையில் இருந்தானே, அதே விக்டர்தான். ஆடிக் காற்று தொடங்கப்போவதால் தோணிகளெல்லாம் கரையேறிக் கிடக்கின்றன, அவனுக்கு வேலை இல்லை. குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "பிஸ்டன் ரிங்கு தேஞ்சு போச்சு மதினி. பின்னால ஆயில் சீலும் போச்சு. அங்கன வடியுத ஆயில்தான் கிளட்சு பிளேட்டுல ஏறி வழுக்குது. வண்டிய நடுவுல ரெண்டாப் பிரிச்சு என்ஜின எறக்கணும்."

எனக்குப் புரியவில்லை. லாரி என்றால் என்ஜின் ஒரு சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்குமாம், தூக்கினால் வந்துவிடுமாம். டிராக்டருக்குச் சட்டமே கிடையாதாம். முன் சக்கரம் என்ஜினில் மாட்டியிருக்கிறது, பின் சக்கரம் கியர்பாக்ஸில். என்ஜினை வெளியே எடுக்க வேண்டுமானால் வண்டியையே நடுவில் துண்டாக்க வேண்டுமாம்.

உங்கள் அண்ணன் எபனேசர் கடையை விட்டுவிட்டு இரண்டு தடவை வந்து போனார். "சீக்காளி வீட்டுல டிராக்டர் என்னத்துக்குளா? வித்துரு" என்கிறார். புரட்டாசி கடைசியில் மழை விழுந்தால் விதைக்க வேண்டாமா என்று கேட்டேன். கடைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

பிரிக்கலாமா என்று எழுதுங்கள். நம் பிள்ளை செல்வி நாசரேத் போர்டிங்கில் சுகமாக இருக்கிறாள். கணக்கில் மட்டும் குறைவு.

ஞானதீபம்


தாம்பரம்,
நாலாம் வார்டு.
15.7.77

தீபம்,

வேண்டாம். தொடாத.

டிராக்டரப் பிரிக்கிறது கருப்பட்டிப் பெட்டியத் திறக்குத மாதிரி இல்ல. விக்டர் நல்ல மெக்கானிக்தான். ஆனா அவன் பார்த்ததெல்லாம் லாஞ்சி என்ஜின், அது வச்ச எடத்துலயே இருக்கும். இதுல முன்பாதி ஒரே ஒரு முளையில நிக்கிற அச்சு மேல இருக்கு. பிரிச்ச அடுத்த நிமிசம் பக்கவாட்டுல சாயும். அடியில ஆளு இருந்தா அவ்வளவுதான். அண்ணன் சொல்லுதத கேளு. வண்டி விசயத்த அவுக பாத்துக்கிடுவாவ.

இங்கன எனக்குப் பக்கத்துக் கட்டில் தாணுலிங்கம் அண்ணாச்சி. சாத்தான்குளத்துல பலசரக்குக் கடை. இந்த வார்டுல முப்பது பேர் இருக்கோம், ஊருப் பேச்சு பேச எனக்கு அவர், அவருக்கு நான். சாயங்காலம் ரெண்டு பேரும் வராந்தால உக்காந்து ரயில் போவுதத பாப்போம். தெக்க போற ரயில்னா அவர் எந்திரிச்சு நின்னுக்கிடுவார்.

எழுத மனசில்லன்னு நீ எழுதினது நெசந்தான். ஏன்னு சொல்லிருதேன். இங்கன எனக்குத் தட்டு, டம்ளர் எல்லாத்துலயும் நம்பர். அதுல வருத்தமில்ல, ஆஸ்பத்திரி அப்படித்தான். ஆனா வீட்டுல நீ செவப்புப் பெயின்ட்ல புள்ளி வச்சுக் குடுத்த தட்ட மறக்க முடியல. பொறப்படுததுக்கு முந்தி பதினோரு நாள் அதுலதான் தின்னேன். வாசப்படியில வச்சிட்டுத் திரும்பிக்கூடப் பாக்காமப் போன.

கிருபாநிதி


கரிசல்குளம்
24.7.1977

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. டிராக்டரைப் பிரித்தது புதன்கிழமை.

ஒரு வாரம் காத்திருந்திருக்கலாம். காத்திருக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆவணி பிறந்தால் தோணிகள் இறங்கிவிடும், பிறகு விக்டர் கிடைக்கமாட்டான். அதனால் துணிந்தேன்.

டிராக்டரோடு வந்து பரணில் கிடந்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். விக்டருக்கு வாசிக்க வராது, மாடக்கண்ணுவுக்கும் வராது. நான் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொல்ல, அவர்கள் கழற்றினார்கள். உங்களைக் கட்டி இந்தக் கரிசலுக்கு வந்து மூன்றாம் வகுப்பு டீச்சர் வேலையை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. அன்றைக்குத்தான் திரும்பவும் தொண்டை வற்றியது.

தண்ணீரையும் ஆயிலையும் வடித்தோம். பானட், டீசல் டேங்க், பேட்டரி, வயர், ஸ்டியரிங் கம்பி எல்லாம் கழன்றன. ஒவ்வொரு வயரிலும் துணி கட்டி நம்பர் எழுதினேன். நீங்கள் சொன்ன சாய்வு புத்தகத்திலும் போட்டிருந்தது. உடைமரத்தில் இரண்டு ஆப்பு செதுக்கி அச்சின் இரு பக்கமும் அடித்து இறுக்கினோம். கியர்பாக்ஸின் அடியில் கட்டைகளை அடுக்கினோம். மூன்று பனங்கட்டையை முக்காலியாக நட்டு, விக்டர் கொண்டுவந்த செயின் கப்பியில் என்ஜினைப் பிடித்துக்கொண்டோம். நடுவில் இருந்த போல்ட்டுகளைக் கழற்றியதும் மாடக்கண்ணு முன் சக்கரத்தைப் பிடித்து இழுத்தான். முதலில் ஒரு விரல் இடைவெளி. பிறகு ஒரு சாண். பிறகு ஒரு முழம். சாயவில்லை. கொட்டகையில் ஒரு வண்டி இரண்டு பாதியாக நின்றது. நடுவில் நான் நடந்து பார்த்தேன்.

மறுநாள் உங்கள் அண்ணன் வந்தார். கூடவே வேம்பாரில் உப்பளம் வைத்திருக்கும் ராஜதுரை என்பவர். டிராக்டர் வாங்க வந்தவராம். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, வண்டின்னு சொல்லிட்டு வண்டியோட பொணத்தக் காட்டுதீங்க?" என்றார். உங்கள் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "யாரக் கேட்டுப் பிரிச்ச?" நான், "நீங்கள் யாரைக் கேட்டு விற்கிறீர்கள்?" என்றேன். சட்டைப்பையில் இருந்து உங்கள் கடிதத்தை எடுத்து நீட்டினார். ஜூன் மாதம் எழுதியது. வண்டியை விற்றுவிடு என்று உங்கள் கையெழுத்தில் இருந்தது.

எனக்கு எழுத உங்களுக்குக் கை வரவில்லை, அவருக்கு எழுதக் கை வந்திருக்கிறது.

தட்டு பற்றி. செல்வி யார் தட்டில் மீன் இருந்தாலும் கை போடுகிற பிள்ளை. அவளுக்கு அடையாளம் தெரியத்தான் புள்ளி வைத்தேன். படியில் வைத்துவிட்டுப் போனது, நீங்கள் அதில் சாப்பிடுவதை நின்று பார்க்க என்னால் முடியாததால். அடுப்படியில் போய் அழுதேன். நீங்கள் அதை அருவருப்பு என்று எடுத்துக்கொண்டது எனக்கு அப்போதே தெரியும். கோபத்தில் சொல்லாமல் இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

எதற்காக விற்கச் சொன்னீர்கள்?

ஞானதீபம்


தாம்பரம்
3.8.77

தீபம்,

பெரிய டாக்டர் ஜூன்லயே சொல்லிட்டார். "காசம் குணமாகும். ஆனா புழுதியில இனிமே உனக்கு வேலை கெடையாது. டிராக்டர் சீட்டுல ஏறவே கூடாது. ஏறினா திரும்ப இங்கதான் வரணும்." அவர் சாதாரணமாத்தான் சொன்னார். சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டார்.

அத ஒனக்கு எழுத நாலு தடவ உக்காந்தேன். இன்லேண்ட் லெட்டர்தான் வீணாச்சு. அண்ணனுக்குன்னா ரெண்டு வரி போதும், அவுக ஏன்னு கேக்க மாட்டாவ. நான் ஓட்டாத வண்டி கொட்டகையில நின்னா அத பாத்துக்கிட்டே நான் எப்படி வீட்டுல இருப்பேன்? அதான் வித்துரச் சொன்னேன்.

தட்டு விசயம் வாசிச்சேன். வேற ஒண்ணும் எழுதத் தெரியல.

பிரிச்சாச்சு, இனி என்ன. ஒண்ணு மட்டும் விக்டருக்குச் சொல்லு. பிஸ்டன் கம்பி மூணுக்கும் கீழ மூடி இருக்கும். எந்த மூடி எந்தக் கம்பியில இருந்ததோ அதுலயேதான் திரும்பப் போடணும். மாறிச்சுன்னா கிராங்குத் தண்டு சுத்தாமப் பிடிச்சுக்கிடும். கழத்துததுக்கு முந்தியே அரத்தால ஒரு கோடு, ரெண்டு கோடு, மூணு கோடுன்னு போட்டு வைக்கச் சொல்லு. ஆப்பு அடிச்சது நல்லது.

எந்த ரிங் உடஞ்சிருக்குன்னு எழுது. எழுதலன்னாலும் சரி.

கிருபா


கரிசல்குளம்
16.8.1977

இரண்டாவது பிஸ்டனின் மேல் ரிங் மூன்று துண்டாக உடைந்திருந்தது. பிஸ்டன் ஓடுகிற லைனரில் நகத்தால் கீறின மாதிரி கோடுகள். கிராங்கும் தேய்ந்திருக்கிறது. அதைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் லேத்தில் கடைந்து வர வேண்டும் என்கிறான் விக்டர்.

எப்படித் தேய்ந்தது என்றும் தெரிந்தது. காற்று வடிகட்டியின் அடிக் கிண்ணத்தைக் கழற்றினோம். ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் கரிசல் மண் கட்டிதட்டிப் போயிருந்தது. அத்தனை புழுதியும் நேரே என்ஜினுக்குள் போயிருக்கிறது. விக்டரால் நம்ப முடியவில்லை. "அண்ணாச்சி வாரம் தவறாம இதக் கழுவுவாவளே மதினி. போன வருசத்துல இருந்தே யாரும் தொட்ட மாதிரி தெரியலயே" என்றான்.

பதினேழாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும் என்றான். சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் தேடினேன். பழைய சாக்குக்குக் கீழே ஏழு கைக்குட்டை இருந்தது. கிரீஸ் துடைத்தது என்று நினைத்து வெளியே எடுத்தேன். கிரீஸ் அப்படிக் காயாது. விக்டர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பிப்ரவரி கடைசியில்தான் முதல் ரத்தம் என்று டாக்டரிடம் என் முன்னால் சொன்னீர்கள். அந்த ஏழில் செல்வி நீலப் பூ தைத்துக் கொடுத்ததும் இருக்கிறது. அது நவம்பரில் காணாமல் போனது. வீடு முழுக்கத் தேடிவிட்டு அவள் அழுதாள். நீங்களும் அவளோடு சேர்ந்து தேடினீர்கள்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை அந்தப் பிள்ளை உங்கள் பக்கத்தில்தான் படுத்தது. மார்ச்சில் அவளுக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டு முடிவுக்காக நான் ஒரு வாரம் காத்திருந்தேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சொன்ன அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதெல்லாம் உங்களுக்குத் தெரியாது.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

தீபம்


தாம்பரம்
5.9.77

தீபம்,

ஒன் கடுதாசி வந்து பதினாறு நாள் ஆச்சு.

மொத ரத்தம் வந்தது போன ஐப்பசியில. வடக்குத் துண்டுல வெதச்சுக்கிட்டிருந்தேன். வண்டிய நிறுத்திட்டு எறங்கி வரப்புல உக்காந்தேன். சுத்திலும் ஒரு ஆள் இல்ல. மழ ஈரம் போறதுக்குள்ள வெதப்ப முடிக்கணும்னு திரும்ப ஏறிட்டேன். முடிச்சிட்டுச் சொல்லலாம்னு நெனச்சேன். பெறகு கள எடுத்ததும் சொல்லலாம்னு நெனச்சேன். பெறகு அறுப்புக்கு அப்புறம்னு நெனச்சேன்.

எதுக்குப் பயந்தேன்னு நெசத்தச் சொல்லுதேன். சாவுக்கு இல்ல. நீ புள்ளயக் கூட்டிக்கிட்டு நாசரேத்துக்குப் போயிருவ, அங்க ஒனக்கு ஒங்கம்மா இருக்கு, பள்ளிக்கூடத்துல வேலையும் திரும்பக் கெடைக்கும். போனா திரும்ப வரமாட்ட. அப்படிப் போறதுதான் ஞாயம்னும் எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்லல.

புள்ள பக்கத்துல மொகத்தச் செவத்துப் பக்கமா வச்சுக்கிட்டுப் படுப்பேன். அது போதும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். போதாதுன்னும் தெரியும். அந்த வடிகட்டி மூடியக் கழத்தி மாட்ட கையில பலம் இல்ல. அப்படியே விட்டுட்டேன்.

தாணுலிங்கம் அண்ணாச்சி சனிக்கிழம வீட்டுக்குப் போயிட்டார். மூணு தடவயும் சளியில கிருமி இல்லன்னு வந்துட்டு. மகன் வந்து கூட்டிக்கிட்டுப் போனான். சந்தோசப்படணும். வராந்தா வரைக்கும் போய் கையாட்டிட்டு வந்தேன். கட்டில்ல புது விரிப்பு போட்டுட்டாவ. அன்னைக்கு ரயில் பாக்கப் போகல.

நீ எழுதலன்னாலும் நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.

கிருபா


கரிசல்குளம்
20.9.1977

அத்தானுக்கு,

மன்னித்தேன் என்று எழுதமாட்டேன். அது இன்னும் வரவில்லை. வரும்போது எழுதுகிறேன். கைக்குட்டை ஏழையும் எரித்துவிட்டேன். செல்விக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. இங்கே இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

தோணிகள் இறங்கிவிட்டதால் விக்டர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலைப் பூசை முடிந்து பஸ்ஸில் வருகிறான். கடைந்த கிராங்கைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு வந்தான். புது லைனர், புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டாயிற்று. மூடிகளில் நீங்கள் சொன்னபடி கோடு போட்டிருந்ததால் குழப்பம் இல்லை. வால்வுகளைப் பசை போட்டுத் தேய்த்தது நான். கை இரண்டும் கொப்பளித்துவிட்டது. பின்பக்கத்து ஆயில் சீலையும் கிளட்ச் பிளேட்டையும் மாற்றினோம்.

போன ஞாயிறு சேர்த்தோம். முன்பாதியை மெல்ல மெல்லத் தள்ளி வந்தோம். கடைசியில் ஒரு அங்குலம் இருக்கும்போது நின்றுவிட்டது. எப்படித் தள்ளியும் போகவில்லை. விக்டர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், மேகமும் கருக்கிறது. "நாலு போல்ட்டப் போட்டு முறுக்கினா தன்னால வந்து ஒட்டிக்கிடும் மதினி" என்றான். புத்தகத்தில் அது கூடாது என்று தனியாகக் கட்டம் போட்டு எழுதியிருக்கிறது. கியர்பாக்ஸ் தண்டின் பல் கிளட்ச் பிளேட்டின் பல்லில் உட்காராமல் இழுத்தால் பிளேட் உடைந்துவிடும். நான் கூடாது என்றேன். "நான் இருவது வருசம் என்ஜின் பாத்தவன்" என்றான். "அப்படியானால் இன்னும் பத்து நிமிஷம் பாரு" என்றேன். கோபித்துக்கொண்டு பீடி பற்றவைக்கப் போய்விட்டான்.

மாடக்கண்ணுவைச் சக்கரத்தைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். ஸ்டார்ட்டர் மோட்டார் இருந்த ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுப் பிளைவீல் என்கிற பல்சக்கரத்தை ஒரு பல் திருப்பினேன். இல்லை. இன்னொரு பல். இல்லை. ஐந்தாவதோ ஆறாவதோ, 'டக்' என்று ஒரு சத்தம். முன்பாதி தானாகப் பின்னால் நகர்ந்து, இடைவெளியில் இருந்த என் விரல் நுனியில் மூடிக்கொண்டது. நகம் போயிற்று. விக்டர் ஓடிவந்து பார்த்தான். பீடியைக் கீழே போட்டுவிட்டுப் போல்ட்டுகளை மாட்ட ஆரம்பித்தான். பஸ்ஸை விட்டுவிட்டான்.

நேற்று காலை ஸ்டார்ட் செய்தோம். முதலில் கொஞ்சம் புகை. பிறகு புகையே இல்லை. கிளட்சை விட்டதும் கொட்டகையை விட்டு வெளியே வந்தது.

இன்னொன்று. மாடக்கண்ணு அடுத்த மாதம் புதுத் துறைமுகத்துக்கு லாரி ஓட்டப் போகிறான். அதற்குள் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் அண்ணனுக்கு எழுதிவிடுங்கள், வண்டி விற்பனைக்கு இல்லை.

தீபம்


தாம்பரம்
28.9.77

தீபம்,

ஒனக்கென்ன பைத்தியமா? நம்ம பக்கத்துல எந்தப் பொம்பள டிராக்டர் ஓட்டியிருக்கா? மாடக்கண்ணு போனா வேற டிரைவரப் பாரு. ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா செல்விக்கு யாரு இருக்கா? நான் இங்கன கட்டில்ல கெடக்கேன்.

இத எழுதிட்டு மடக்கி வச்சிட்டேன். மறுநாள் திரும்பப் பிரிச்சு எழுதுதேன். நீ கேக்க மாட்ட. கேக்காத ஆளுக்கு வேண்டாம்னு சொல்லுததவிட எப்படின்னு சொல்லுதது மேல்.

வடக்குத் துண்டு மூலையில கைப்பிடிச் சொவரு இல்லாத பழைய கெணறு இருக்கு. அதுக்கு இருவதடி முன்னாலயே திருப்பிரு. மண்ணு பாக்கக் கெட்டியா இருக்கும், உள்ள பொள்ளல், வண்டி எறங்கிரும். கொளத்துக் கரையில ஏறும்போது கலப்ப எதுலயாவது மாட்டுச்சுன்னா முன்பக்கம் நிமிந்து எழும்பும். அப்ப கிளட்ச மிதி. பிரேக்க இல்ல, கிளட்ச. கண்ண மூடிக்கிட்டு இத நூறு தடவ சொல்லிப் பழகு. முந்தானையத் தொங்க விடாத. என் காக்கிச் சட்ட பெட்டியில இருக்கும், அத மேல போட்டுக்க.

வடிகட்டியத் தெனமும் பாரு. நான் பாக்கல.

அண்ணனுக்கு எழுதிட்டேன்.

கிருபா


கரிசல்குளம்
27.10.1977

அத்தானுக்கு,

பன்னிரண்டாம் தேதி மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. இரண்டு நாள் வெயில் காய்ந்ததும் மண் பதமாக இருந்தது. மாடக்கண்ணு பத்தாம் தேதியே தூத்துக்குடிக்குப் போய்விட்டான். வேறு டிரைவர் எவரும் கிடைக்கவில்லை, எல்லாரும் அவரவர் நிலத்தில்.

நான்தான் உழுதேன். பிலோமினாவும் இன்னும் மூன்று பெண்களும் கூலிக்கு வந்து பின்னால் நடந்து விதை போட்டார்கள். தெற்குத் துண்டில் கம்பு, நடுவில் உளுந்து, வடக்கில் பருத்தி. ஆறு நாள் ஆயிற்று. முதல் நாள் சால் பாம்பு மாதிரி வளைந்து கிடக்கிறது. முளைத்து வரும்போது ஊர் முழுக்கப் பார்க்கும், பார்க்கட்டும். கிணற்றுக்கு முப்பதடி முன்னாலேயே திரும்பிவிட்டேன். ஒரு துண்டு நிலம் தரிசாகக் கிடக்கிறது.

குளத்துக் கரையில் முன்பக்கம் எழும்பியது. ஒரு முழம் இருக்கும். எனக்கு வானம்தான் தெரிந்தது. கால் தானாகக் கிளட்சை மிதித்தது. இறங்கி வரப்பில் உட்கார்ந்தேன், நீங்கள் எழுதின மாதிரியே. அரை மணி நேரம் இருந்தேன். பிறகு ஏறினேன்.

நாலாம் நாள் உங்கள் அண்ணன் வந்தார். ரோட்டில் நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் இறங்கவில்லை. மத்தியானம் பார்த்தால் வேப்பமரத்தடியில் ஒரு தூக்குச்சட்டியில் சோறும் மீன்குழம்பும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நேற்று இரவல் வாங்கின கலப்பையைத் திருப்பிக் கொடுக்க ஓட்டப்பிடாரம் ரோட்டில் போனபோது ஒரு ஏட்டையா நிறுத்தினார். "லைசென்ஸ் இருக்காம்மா?" இல்லை என்றேன். "வண்டி யாரோடது?" எங்கள் வீட்டுக்காரருடையது என்றேன். "அவரு எங்க?" ஆஸ்பத்திரியில் என்றேன். டயரைக் குனிந்து பார்த்துவிட்டு, "சீக்கிரம் எடுத்துருங்க" என்று விட்டுவிட்டார்.

விதைப்பு முடிந்த அன்று வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சோறு வைத்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று எனக்கு இன்னும் கை பழகவில்லை. எட்டு மாதம் ஆகிறது. அன்றும் மிஞ்சிற்று. முடித்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் யாரும் இல்லை. அதனால்தான் போன கடிதத்தில் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போது எழுதுகிறேன். போன ஐப்பசியிலேயே நீங்கள் சொல்லியிருந்தால் நான் பிள்ளையை நாசரேத்தில் விட்டிருப்பேன். ஆனால் நான் இங்கேதான் திரும்பி வந்திருப்பேன்.

அதை நீங்கள் நம்பாமல் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மற்றது ஆறிவிட்டது.

உங்கள் சளிப் பரிசோதனை முடிவை எழுதுங்கள்.

தீபம்


தாம்பரம்
8.11.77

தீபம்,

மொதல்ல முடிவச் சொல்லிருதேன். மூணுல ரெண்டு தடவ நல்லபடியா வந்துது. மூணாவதுல இன்னும் கிருமி இருக்கு. டாக்டர் மருந்த மாத்தியிருக்கார். ஏப்ரலுக்கு முந்தி விடமாட்டாவளாம். கிறிஸ்மசுக்கு வரமுடியாது. கம்பு அறுப்புக்கும் வரமுடியாது. செல்விகிட்ட நீயே சொல்லிரு.

ஒன் கடுதாசிய வாசிச்சேன். கடைசிப் பக்கத்த எத்தன தடவ வாசிச்சேன்னு தெரியல. நீ சொல்லுத அந்த ஒண்ணு ஆறணும்னா நான் நேர்ல வந்து ஒம் மூஞ்சியப் பாத்து இருந்தாத்தான் ஆறும். கடுதாசில அது முடியாது. அதனால இங்கன இருந்து அதப்பத்தி எழுதமாட்டேன்.

தாணுலிங்கம் அண்ணாச்சி கட்டிலுக்கு அரக்கோணத்துல இருந்து ஒரு ரயில்வே கிளார்க் வந்திருக்கார். நான் பேசுதது பாதி அவருக்கு வெளங்கல. ஒங்க நெலத்துல யாரு விதைக்கிறாங்கன்னு கேட்டார். எங்க வீட்டுலன்னு சொன்னேன். ஆள் வச்சான்னு கேட்டார். இல்ல, டிராக்டர் ஓட்டுததே அவதான்னு சொன்னேன். அவர் நம்பல. நம்பலன்னா போறார்னு இருந்தேன். ஆனா ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அவர்கிட்டயே சொல்லிக்கிட்டிருந்தேன்.

ஏட்டையா சொன்னது சரி. லைசென்ஸ் இல்லாம ரோட்டுல போகாத. இங்க ஆபீஸ்ல ஒரு கிளார்க்குக்கு அந்த வழி தெரியும். அவர் மூலமா ஒரு லைசென்ஸ் பாரம் வாங்கி இத்தோட வச்சிருக்கேன். பூர்த்தி பண்ணி, ரெண்டு போட்டோவோட திருநெல்வேலி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எடுத்துக்கிட்டுப் போ. விக்டரத் தொணைக்குக் கூட்டிக்க. எட்டுப் போட்டுக் காட்டச் சொல்லுவாவ, பதறாத, மெதுவாப் போடு.

பாரத்துல ஒன் பேருக்குக் கீழ தகப்பன் அல்லது கணவன் பேருன்னு ஒரு எடம் இருக்கு. நான் இங்கனயே எழுதிரலாம்னு பேனாவ எடுத்தேன். பெறகு எழுதல. அத நீ எழுதணும். என் பேர முழுசா எழுது.

கிருபாநிதி